ஓலை முதல் ஒப்பந்தம் வரை: புலம்பெயர்ந்த தமிழ்ப் பெண்ணும் தேசமும்

நடுநாட்டுத் திருநாவலூரின் பெயர் தமிழிலக்கிய வரலாற்றில் நிலைபெறக் காரணமானவர் சுந்தரர். சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் மகனாகப் பிறந்து, நரசிங்க முனையரையரால் வளர்க்கப்பெற்றவர் அவர். அவரது இளமையைக் கூறும் தடுத்தாட்கொண்ட புராணம் ஓர் ஆவணத்தை மையமாகக் கொண்டது. புத்தூரில் சடங்கவியாரின் மகளை அவர் மணக்கவிருந்த வேளையில் முதிய வேதியர் ஒருவர் பந்தலுள் புகுந்து, மணமகன் தம் அடிமை என வழக்கிடுகிறார். அவர் காட்டிய சான்று, சுந்தரரின் பாட்டனார், அதாவது தந்தையின் தந்தை, தமக்கும் தம் வழிவந்தோர்க்குமாக எழுதிக்கொடுத்த ஆளோலை. சுந்தரர் அதனைக் கிழித்தெறியவே, வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. மூல ஓலை வெளிப்படுகிறது, கையெழுத்து ஒப்புநோக்கப்படுகிறது, ஓலை வெல்கிறது.

மணப்பந்தலில் விடப்பட்ட பெண்ணைச் சேக்கிழார் மறந்துவிடவில்லை. சுந்தரரையே எண்ணி வாழ்ந்து அவள் சிவலோகம் எய்தினாள் என்கிறார். ஆயினும் காவியத்தில் அவள் சடங்கவியாரின் மகளாகவே நிற்கிறாள். பின்னாளில் திருவொற்றியூரில் சங்கிலியார், பிரிந்து செல்வதில்லை என்று சுந்தரரிடம் சூளுறவு பெற்ற பின்னரே மணத்திற்கு இசைந்தார். சூள் தவறி ஒற்றியூர் எல்லையைக் கடந்த சுந்தரர் கண்ணொளி இழந்தார். ஆண்டான் தன் உரிமையை நிலைநாட்ட ஓலையும் அவையும் இருந்தன. ஊர்விட்டுச் செல்லும் கணவனைத் தடுக்கப் பெண்ணுக்கு இருந்தது சூள் ஒன்றே.

திருநாவலூர் அடங்கிய இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கெல்லையில் எழும் கல்வராயன் மலையிலும் இதனையொத்த ஒரு மரபு வழங்குகிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தோர் மலைகளில் குடியேறி, அங்கங்கே வாழ்ந்த வேற்றுக் குடிப் பெண்களை மணந்தனர் என்பது மலையாளிப் பழங்குடியினரின் தோற்றக் கதை. கதையில் ஆடவர் முன்னோர் ஆகின்றனர். பெண்கள் இன்ன குடியினர் என்ற அளவில் குறிக்கப்படுகின்றனர். குடிபெயர்வின் கதையை ஆணின் பயணமாகச் சொல்வது நெடுநாள் வழக்கு என்பதற்கு இது சான்று.

சுந்தரர் கதை பக்தியின் கதை. அதன் ஓலையைக் கூலிச்சீட்டோடு ஒன்றாகக் கொள்ளல் பொருந்தாது. ஆயின் ஓர் ஆள் யாருக்கு உரியர், எந்நாட்டுக்கு உரியர் என்பதை ஆவணம் உறுதி செய்யும் முறை அடியார் வாழ்வோடு முடிந்துவிடவில்லை. 19, 20ஆம் நூற்றாண்டுகளில் கடல் கடந்த இலட்சக்கணக்கான தமிழரின் வாழ்வை அத்தகைய ஆவணங்களே நடத்தின. அவற்றில் பெண் எவ்வாறு எழுதப்பட்டாள் என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். கப்பல் ஏட்டில் அவள் விழுக்காடாகவும், மணச் சட்டத்தில் மனைவியாகவும், குடியுரிமைச் சட்டத்தில் ஒருவரது மகளாகவும் எழுதப்பட்டாள். உழைத்தவளாகவும் குடிமகளாகவும் தன்னை எழுதிக்கொள்ள அவளே முயல வேண்டியதாயிற்று.

நூற்றுக்கு நாற்பது

அடிமை வணிகம் ஒழிந்தபின் ஆங்கிலேயக் குடியேற்ற நாடுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்பேரில் இந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். தமிழரை ஏற்றிய ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16ஆம் நாள் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் 1,52,184 பேர் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள். வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு முதலிய மாவட்டங்களின் வறண்ட சிற்றூர்கள் இவர்களுள் பலருக்குத் தாயகம். திருநாவலூர் வட்டாரம் அந்நாளில் தென்னார்க்காட்டின் பகுதியாக இருந்தது. பஞ்சம், கடன், நிலமின்மை, சாதிக் கொடுமை ஆகியன ஊரைவிட்டுத் துரத்தின. ஆள்சேர்ப்போரின் வாய்ச்சொல் கப்பலை நோக்கி இழுத்தது.

தோட்ட முதலாளிகள் ஆண்களையே விரும்பினர். பிள்ளைப்பேறும் வளர்ப்பும் வேலைநாளைக் குறைக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆண்களை மட்டும் அனுப்பினால் சீர்கேடு விளையும் என்ற குரல் எழவே, 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்னும் வீதம் விதியாயிற்று. பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை சென்ற 60,000க்கும் மேற்பட்டோர் இவ்விதிப்படியே சென்றனர். அந்த நாற்பதை நிரப்பினால்தான் கப்பல் புறப்படலாம். ஆகவே கைம்பெண், கணவனால் கைவிடப்பட்டவள், புகுந்த வீட்டுக் கொடுமைக்கு அஞ்சி வெளியேறியவள் ஆகியோரை ஆள்சேர்ப்போர் தேடிச் சென்றனர். ஏமாற்றப்பட்டுச் சென்ற பெண்கள் பலர். வேறு வழியின்றித் தாமே துணிந்து சென்றவர்களும் உண்டு. ஊர் தந்த வாழ்வைவிடக் கடல் மேலானது என்று ஒரு கைம்பெண் எண்ணியிருந்தால், அவ்வெண்ணம் அவளது ஊரைப்பற்றி என்ன கூறுகிறது என்பதும் வரலாற்று வினாவே.

நேட்டாலில் ஆணுக்கு முதலாண்டுக் கூலி திங்களுக்கு 10 ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி; உணவுப் பங்கும் பாதி. ஒப்பந்தம் முடிந்தபின் மீண்டும் ஒப்பந்தத்தில் சேராமலும் தாயகம் திரும்பாமலும் தங்குவோர் ஆண்டுதோறும் 3 பவுண்டு வரி செலுத்த வேண்டும் என 1895ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம் விதித்தது. 1903இல் இவ்வரி பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆண்பிள்ளைக்கு 16 வயதிலும் பெண்பிள்ளைக்கு 13 வயதிலும் வரி தொடங்கிற்று. கூலி தரும்போது பெண் பாதி ஆள். வரி வாங்கும்போது முழு ஆள். அதிலும் தன் உடன்பிறந்தானுக்கு மூன்றாண்டு முன்னரே முழு ஆள். பெற்றோர் இருவரும் வயதுவந்த மகனும் மகளும் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு 12 பவுண்டு கட்டவேண்டும். அத்தொகை ஒப்பந்தக் கூலியாளின் முதலாண்டு ஊதியத்தைப்போல் இரு மடங்கு.

மானமும் உரிமையும்

பெண் தொகை குறைந்த கூலிக் குடியிருப்புகளில் பூசலும் கொலையும் நிகழ்ந்தன. வீதத்தை வகுத்தது அரசு. அதனால் பயன் பெற்றது தோட்டம். பழி சுமந்ததோ அங்கிருந்த பெண்களின் ஒழுக்கம். குடியேற்ற அதிகாரிகளின் குறிப்புகளில் அவர்கள் ஒழுக்கமற்றோர் எனப்பட்டனர். இந்தியத் தேசிய இயக்கம் இப்பழியை மறுத்து எழுந்தது பெருஞ்செயல். 1913இல் பிஜியில் மேற்பார்வையாளனிடமிருந்து தப்ப ஆற்றில் குதித்த குந்தி என்னும் பெண்ணின் வாக்குமூலம் இந்திய இதழில் வெளிவந்து நாட்டை உலுக்கியது. பாரதியாரின் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்னும் பாடல் பிஜிப் பெண்களின் துயரைத் தமிழுலகின் துயராக்கிற்று. ஆண்ட்ரூசும் பியர்சனும் நேரில் கண்டெழுதிய அறிக்கை 1916இல் வெளிவந்தது. 1917இல் ஒப்பந்த ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்களும் 1920 ஜனவரி முதல் நாள் நீக்கப்பட்டன.

இவ்வெற்றியின் பெருமை குறையாது. எனினும் அப்போராட்டம் எம்மொழியில் பேசியது என்பதும் எண்ணத்தக்கது. தேசத்தின் மானம் பெண்ணின் கற்பில் உள்ளது. அது அயலகத்தில் குலைகிறது. ஆகவே ஒப்பந்தமுறை ஒழிக என்பதே மேடைகளில் மிகுதியும் ஒலித்தது. பாதிக் கூலியும், பேறுகால ஓய்வின்மையும், பதின்மூன்று வயதில் விழும் வரியும் அத்துணை ஓங்கி ஒலிக்கவில்லை. மானம் காக்கப்பட வேண்டியவளாகப் பெண் தேசத்தின் கண்ணுக்குப் பட்டாள். உரிமை கேட்பவளாகப் பட்டது அரிது.

மனைவி என்னும் வழக்கு

தென்னாப்பிரிக்காவில் அவ்வரிய நிகழ்வு வாய்த்தது. 1913 மார்ச் 14ஆம் நாள் கேப் மாநில நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். முஸ்லிம் பெண்ணொருவர் தம் கணவருடன் வாழ நாட்டினுள் நுழைவது பற்றிய வழக்கு அது. பலதார மணத்திற்கு இடந்தரும் சமய முறைப்படி நிகழ்ந்த திருமணத்தைச் சட்டம் ஏலாது என்று முடிவாயிற்று. இதனால் இந்து, முஸ்லிம், பார்சி மனைவியர் அனைவரும் சட்டத்தின் முன் மனைவியர் அல்லர்; அவர்தம் பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஐயத்திற்குரியது என்ற அச்சம் பரவிற்று. மே திங்களில் ஜோகன்னஸ்பர்க் இந்தியப் பெண்கள் சங்கம் உள்துறை அமைச்சருக்குத் தந்தியனுப்பி, தீர்வு கிட்டாவிடில் பெண்கள் சிறை புகுவர் என அறிவித்தது.

செப்டம்பரில் கஸ்தூரிபாய் உள்ளிட்டோர் சிறை சென்றனர். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட, பெரும்பாலும் தமிழரான மற்றொரு பெண்கள் குழு அக்டோபரில் நேட்டாலின் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கப் பகுதியை அடைந்தது. கைக்குழந்தையோடு சென்றோரும் அதில் உண்டு. சுரங்கக் குடியிருப்புகளில் தமிழில் பேசி, 3 பவுண்டு வரி நீங்கும்வரை வேலைக்குச் செல்லாதீர் என்று அவர்கள் வேண்டினர். சுரங்கங்கள் நின்றன. நவம்பர் 6ஆம் நாள் தொடங்கிய நெடும்பயணத்தில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் நடந்ததாகக் காந்தியடிகள் கணக்குத் தருகிறார். வழியில் தாயர் இருவர் தம் குழந்தைகளைப் பறிகொடுத்தனர்.

இங்கு இரண்டு செய்திகள் கூர்ந்து நோக்கத்தக்கன. முதலாவது, பெண்கள் சிறை சென்றது மனைவி என்னும் தகுதிக்காக எனினும், அவர்கள் சுரங்கத்தில் பேசியது வரியைப் பற்றி, அதாவது உழைப்பைப் பற்றி. இல்லற மானத்திற்கு என்று அழைக்கப்பட்டவர்கள் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைத் தொடங்கி வைத்தனர். இரண்டாவது, காந்தியடிகள் தம் நூலில் தரும் அப்பெண்களின் பட்டியலில் பெரும்பாலோர் திருமதி தம்பி நாயுடு, திருமதி பெருமாள் நாயுடு என்பன போலக் கணவர் பெயராலேயே சுட்டப்படுகின்றனர். அக்கால வழக்கு அதுவே. ஆயினும் பேரரசை எதிர்த்துச் சிறை சென்ற பெண் பட்டியலில் தன் பெயரின்றி நிற்பது, புத்தூர்ப் பந்தலில் நின்ற பெண்ணை நினைவூட்டுகிறது.

தன் பெயராலேயே நிலைத்தவள் தில்லையாடி வள்ளியம்மை. 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சிறையில் கண்ட காய்ச்சலால் நலிந்து, 1914 பிப்ரவரி 22இல் அங்கேயே மறைந்தாள். பதினாறே வயது. மீண்டும் சிறை செல்ல ஆயத்தமாக இருப்பதாக நோய்ப் படுக்கையில் அவள் கூறியதைக் காந்தியடிகள் பதிவு செய்துள்ளார். ஆப்பிரிக்க மண்ணில் பிறந்து அம்மண்ணிலேயே அடங்கிய அப்பெண்ணை, பெற்றோரின் ஊர்ப்பெயரை முன்னே சேர்த்துத் தமிழகம் தனதாக்கிக் கொண்டது. அவள் வேண்டியதோ பிறந்த நாட்டில் மதிப்போடு வாழும் உரிமை.

1914ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுண்டு வரியை நீக்கிற்று. ஒருதார மணமாயின் இந்தியத் திருமணத்தையும் ஏற்றது. பெண்கள் வென்றனர். வென்றபின்னும் சட்டத்தின் முன் அவர்கள் மனைவியராகவே நின்றனர், வாக்குரிமை கிட்டவில்லை.

காணாத நாட்டின் படையில்

தேசத்திற்கும் புலம்பெயர்ந்த பெண்ணுக்கும் உள்ள உறவை வேறொரு கோணத்தில் காட்டுவது மலாயா. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி அறிவித்த ஜான்சி ராணிப் படைக்கு மருத்துவர் லட்சுமி தலைமையேற்றார். அதில் சேர்ந்தோருள் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் கண்டறியாதவர் பலர். பால்மரம் சீவிய கைகள் துப்பாக்கி ஏந்தின. தோட்டத்துத் துரைக்கும் கங்காணிக்கும் அஞ்சி வாழ்ந்த பெண்ணுக்குச் சீருடையும் அணிவகுப்பும் தந்த தன்மதிப்பைக் குறைத்து மதிப்பிடல் ஆகாது. படை கலைந்தபின் அவர்களுள் மிகப் பலர் திரும்பியது அதே தோட்டங்களுக்கே. விடுதலை பெற்ற தாய்நாட்டின் வரலாற்றேட்டில் தலைவியரின் பெயர்கள் இடம்பெற்றன. வரிசையில் நின்ற தோட்டப் பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

தந்தையின் தந்தை

இலங்கை மலையகத்தின் கதை இவை எல்லாவற்றினும் நெடியது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டத்திற்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டத்திற்கும் கங்காணிகள் வழியே தமிழர் சென்றனர். தேயிலை வந்தபின் பெண்ணின் கை இன்றியமையாததாயிற்று. கொழுந்து பறித்தல் அவள் தொழில். விடியுமுன் எழுந்து வீட்டுவேலை முடித்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கூடையேந்தி மலையேறிய அவளுக்கு ஆணினும் குறைந்த நாட்கூலியே வழங்கப்பட்டது. நாட்கூலியில் அவ்வேறுபாடு நீங்க 1984 வரை ஆயிற்று. மீனாட்சியம்மாள் நடேசய்யர் தோட்டங்கள்தோறும் பாட்டுப்பாடித் தொழிலாளர் உரிமையைப் பரப்பியது பெண்குரல் அங்கு ஊமையாக இல்லை என்பதற்குச் சான்று.

1931இல் இலங்கையில் பெண்கள் உள்ளிட்ட வயதுவந்தோர் வாக்குரிமை வந்தது. தகுதி பெற்ற தோட்டப் பெண்களும் வாக்களித்தனர். தாய்த் தமிழகத்துப் பெண்களில் மிகப் பலருக்கு அந்நாளில் அவ்வுரிமை இல்லை. விடுதலை பெற்ற இலங்கையோ அதனைப் பறித்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்தவர் வழிவழிக் குடிமகன் எனப்பட வேண்டுமாயின், அவர் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் அங்குப் பிறந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்று வைத்திராத கூலித் தொழிலாளர் தந்தையின் தந்தையை ஆவணத்தால் காட்ட இயலாது தவித்தனர். ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நாடற்றோராயினர்.

இச்சட்டம் தமிழரை விலக்கியது என்பது எல்லோரும் அறிந்தது. தாயை விலக்கியது என்பது அத்துணை பேசப்படவில்லை. தாயும் தாயின் தாயும் அதே மலையில் பிறந்து, அதே மலையில் கொழுந்து பறித்து, அதே மண்ணில் அடங்கியிருந்தாலும் சட்டத்தின்முன் அது சான்றன்று. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் பதிவுக்கு வழிவிட்டபோதும், மணமானவர்க்கு 7 ஆண்டும் மணமாகாதவர், துணையிழந்தவர் ஆகியோர்க்கு 10 ஆண்டும் இடையறாத வதிவு வேண்டுமென்றது. கணவனை இழந்த பெண் குடியுரிமைக்கும் மூன்றாண்டு கூடுதலாகக் காத்திருக்க வேண்டியவளானாள்.

தாய்நாடும் இவ்வகையில் முற்றிலும் மாறுபட்டதன்று. இந்திய அரசமைப்பின் 8ஆம் கூறு, பெற்றோரில் எவரேனும் அல்லது பாட்டன் பாட்டியரில் எவரேனும் இந்தியாவில் பிறந்திருந்தால் அயலக இந்தியர் பதிவு செய்யலாம் எனப் பரந்த உள்ளத்தோடு கூறியது. ஆனால் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தந்தை வழியே குடியுரிமை தந்தது. தாயும் சேர்க்கப்பட்டது 1992இல்தான். இலங்கை தன் சட்டத்தில் தாயைத் தந்தைக்கு இணையாக்கியது 2003இல்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ, சாஸ்திரி இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் முடிவு செய்யப்படுவர். 1974இல் அவர்களும் ஆளுக்குப் பாதியாக 75,000 வீதம் பிரிக்கப்பட்டனர். இரண்டாம் ஒப்பந்தத்தைச் செய்த தலைமையமைச்சர்கள் இருவரும் பெண்கள்: ஒருவர் உலகின் முதல் பெண் தலைமையமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயகா, மற்றவர் இந்திரா காந்தி. ஆட்சிப் பீடத்தில் பெண் அமர்வதும், ஆட்சியின் ஆவணத்தில் பெண்ணுக்கு இடம் கிட்டுவதும் வேறு வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று அரிது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்திறங்கிய பெண்களுள், இந்தப் பங்கீடு குறித்துக் கருத்துக் கேட்கப்பட்டவர் ஒருவரும் இலர். ஒரே வீட்டில் தாய் இந்தியப் பட்டியலிலும் மணமான மகள் இலங்கைப் பட்டியலிலும் இருந்தமையால் பிரிந்த குடும்பங்கள் பல.

தாய் ஈன்ற இடம்

1983க்குப் பின் போரால் கடல் கடந்தோர் தமிழக முகாம்களில் தங்கினர். 2021இல் தமிழக அரசு அவற்றின் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றியது. பெயர் மாறினும் குடியுரிமை வினா நீங்கவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. முகாமில் பிறந்து, இங்கேயே கற்று, இங்கேயே மணந்து, மகப்பேறும் கண்ட பெண்களுக்குத் தேசம் இன்னும் திறவாக் கதவாக உள்ளது.

ஆயினும் ஒரு விதி உண்டு. 1987 ஜூலை முதல் நாளுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தோர், சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் எந்நாட்டவராயினும் பிறப்பால் குடிமக்கள். முகாமில் பிறந்த பெண்ணொருவர் இவ்விதியைக் கொண்டு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகினார். 2022இல் அவருக்குக் கடவுச்சீட்டு வழங்க ஆணை பிறந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார்.

திருவெண்ணெய்நல்லூர் அவையில் வென்றது பாட்டனாரின் ஓலை. இலங்கைச் சட்டம் கேட்டதும் பாட்டனாரின் சான்றே. இவ்வழக்கில் சான்றாக நின்றது பிறந்த இடம். அதாவது ஒரு தாய் மகவு ஈன்ற இடம். குடிமை என்பது தந்தை வழியே இறங்கிவரும் சொத்து என்ற எண்ணம் சட்டத்திலிருந்து பெரும்பாலும் நீங்கிவிட்டது. வரலாற்று எழுத்திலிருந்தும் அது நீங்க வேண்டும். கப்பல் பதிவேடுகளிலும் தோட்டப் பேரேடுகளிலும் முகாம்ப் பதிவுகளிலும் பெண்களின் பெயர்கள் கிடக்கின்றன. இன்னார் மனைவி, இன்னார் மகள் என்ற குறிப்புக்கு முன்னே எழுதப்பட்ட அப்பெயர்களைத் தேடிப் படித்து வரலாற்றில் சேர்ப்பது தமிழாய்வாளர் முன்னுள்ள கடமையாகும்.